நாற்காலிக்குப் பின்னால் ஐந்து நிமிடம்

அப்பாவின் வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது. அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரமாகக் குனிந்து நின்றிருந்தபோதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைத் தம்பியிடம் கேட்டார்.

"கால்ல வீக்கம் ஏதாவது இருந்துச்சா? வலி, கனம், அப்படி ஏதும் சொன்னாரா இன்னிக்கு?"

"இல்ல டாக்டர். நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. திடீர்னு மூச்சு வாங்குது, ஜன்னலைத் தெறன்னாரு. தெறந்துட்டுத் திரும்பறேன், அதுக்குள்ள..."

டாக்டருக்குச் சின்ன வயது. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு விளக்கினார். எலும்பு ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சில சமயம் கெண்டைக்காலில் ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் சில நிமிடங்கள்தானாம். முன்னாலேயே வீக்கம் தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், தெரியாதபோது யாரையும் குறை சொல்ல முடியாது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். தம்பி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அவள் குனிந்து அந்த வலது கால் செருப்பைக் கழற்றினாள். இடது கால் செருப்பு ஏன் இல்லை என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நர்ஸ் படிவத்தில் நேரம் எழுதுவதற்காக அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். "வாட்ச் தப்பா ஓடுது போல."

"தப்பில்ல," என்றாள் அவள். "அது அப்படித்தான்."

விமானக்காரர்களுக்கு உலகம் முழுக்க ஒரே நேரம். எந்த ஊரில் விடிந்தாலும் இருட்டினாலும் அவர்கள் அந்த ஒரு மணியைத்தான் எழுதுவார்கள். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் அப்பா கடிகாரத்தை மாற்றவில்லை. சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் அவள் வெளியே நின்றதெல்லாம் உண்டு. இப்போது அவளே கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அப்பா எத்தனை மணிக்குப் போனார் என்று யோசித்தால் இரண்டு நேரங்கள் வந்தன. இரண்டும் சரி என்பதுதான் அவளைக் குழப்பியது.

அப்பா ராடார் அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். நகரத்தின் விமான நிலையத்தை நோக்கி இறங்கும் விமானங்களையும் ஏறும் விமானங்களையும் ஒன்றோடொன்று நெருங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. பக்கவாட்டில் மூன்று மைலாவது தள்ளி இருக்க வேண்டும், அல்லது மேலும் கீழுமாக ஆயிரம் அடியாவது. இரண்டில் ஒன்று போதும், இரண்டுமே இல்லாமல் போய்விடக் கூடாது. அவர் கோபமாக இருக்கும் நாட்களில் அம்மா பிள்ளைகளிடம், "மூணு மைல் தள்ளி நில்லுங்க," என்பாள். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கேலி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், யார் எப்போது பக்கத்தில் இருப்பது என்பதைப் படுத்தபடியே அவரே முடிவு செய்தார். காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை மகள். அவள் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர், விடுப்பு எடுத்திருந்தாள். ஒரு மணியிலிருந்து தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த வீட்டிலேயே அப்பாவோடு இருப்பவன்.

ஆள் மாறுவதற்கும் முறை வைத்தார். போகிறவர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, போகிறவர் உடனே போகக் கூடாது. நாற்காலிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

"எல்லாந்தான் சொல்லியாச்சேப்பா, அப்புறம் எதுக்கு நிக்கறது?" என்று முதல் நாளே கேட்டாள்.

"சொன்னா ஆச்சா? உட்கார்ந்தவன் கண்ணுக்குப் படம் வரணும்மா. எது எங்க இருக்கு, எது எங்க போகுதுன்னு. அதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். சொல்ல மறந்ததெல்லாம் அந்த அஞ்சு நிமிஷத்துலதான் ஞாபகம் வரும்."

"ஒரு வேளை மாத்திரை குடுக்கறதுக்கு இவ்வளவு அமர்க்களமா?" என்றான் தம்பி.

"நீ லிஃப்ட்டைப் பாதியில நிறுத்திட்டு வர்றவன். உனக்கு என்னடா தெரியும்?"

ஒரு பலகையும் இருந்தது. அலுவலகத்தில் கழித்துப் போட்டதை எப்போதோ தூக்கி வந்திருந்தார். சாய்வான பலகை, அதில் விரல் அகலக் காகிதப் பட்டைகளைச் செருகும் வரிசை. அங்கே விமானத்துக்கு ஒரு பட்டை. இங்கே மாத்திரைக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று, உடற்பயிற்சிக்கு ஒன்று. முடிந்த வேலையின் பட்டை நேராக இருக்கும். முடியாத வேலையின் பட்டையைக் கோணலாக வெளியே இழுத்து வைக்க வேண்டும். கண்ணை உறுத்துகிற மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் மறக்காது என்பார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவரை நடக்க வைக்க எழுப்பியபோது இடது காலில் செருப்பு நுழையவில்லை.

"செருப்பு சுருங்கிப் போச்சும்மா," என்றார் அப்பா.

"ஒண்ணு மட்டுமா சுருங்கும்?"

கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அழுத்திய இடத்தில் விரல் பதிந்து மெதுவாக எழும்பியது. கனமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, கால் என்றால் கனம் இருக்கத்தானே செய்யும் என்றார். டாக்டருக்குப் போன் செய்தாள். லைன் கிடைக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி செய்தாள், அப்போதும் இல்லை. பட்டையில் ‘இடது கால், டாக்டருக்கு போன்’ என்று எழுதினாள். அதுவரை எல்லாம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் குழப்பம். ஒரு மணிக்குத் தம்பி வந்தான். வரும்போதே காதில் போன். ஏதோ கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "கதவைத் தள்ளாதீங்க, காத்து வரும், பயப்படாதீங்க," என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான். அவள் மாத்திரை கொடுத்ததைச் சொன்னாள். சாப்பாடு இரண்டு வாய்தான் இறங்கியது என்றாள். அவன் தலையாட்டினான். திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு வாய் ஒழியவில்லை.

காலைப் பற்றிச் சொன்னாளா?

சொன்ன மாதிரி ஒரு ஞாபகம். போர்வையை விலக்கி, காலைக் காட்டி, "இதைப் பாரு," என்கிறாள், அவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்க்கிறான். சொல்லாத மாதிரியும் ஒரு ஞாபகம். "மத்ததெல்லாம் பலகையில இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டுகிறாள். இரண்டிலும் அவன் அதே நீலச் சட்டைதான் போட்டிருக்கிறான். இரண்டிலும் ஜன்னல் வெயில் அதே இடத்தில் விழுகிறது.

ஒன்று பத்துக்கு பஸ். அதை விட்டால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அறை வாசலைத் தாண்டும்போது அப்பா கூப்பிட்டார்.

"நின்னாச்சா?"

"நின்னாச்சுப்பா. அவனுக்குப் படம் வந்துடுச்சு."

பொய். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அப்பாவிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாள் காலை கூடத்தில் கண்ணாடி மூடிய குளிர்பெட்டிக்குள் அப்பா இருந்தார். வாடகை நாற்காலிகள் வாசல்வரை போட்டிருந்தன. வண்டி பதினோரு மணிக்கு வரும். எட்டு மணிக்கே அக்கம்பக்கத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அத்தை, அப்பாவின் தங்கை, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். விழுந்தது, ஆபரேஷன், வீட்டுக்கு வந்தது எல்லாம் சொல்லி, "பக்கத்துல ஆள் இருந்தும் இப்படி ஆயிடுச்சே," என்று முடிப்பாள். அத்தைக்கு யார்மேலும் கோபம் இல்லை. எங்காவது முடிக்க வேண்டுமே என்று அங்கே முடித்தாள்.

தம்பி ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டான். நான்காவது தடவை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான். அவள் பின்னால் போனாள். அவன் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அத்தை பேச்சை விடுடா."

"அத்தை சரியாத்தானக்கா சொல்லுது. பக்கத்துல நான் இருந்தேன். இருந்து என்ன பண்ணேன்? முக்கால்வாசி நேரம் பால்கனில நின்னு எவனோ ஒருத்தனை லிஃப்ட்லேர்ந்து எறக்கிட்டிருந்தேன். பெத்தவரை விட்டுட்டேன்."

அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். இப்போது சொல்லிவிடலாம். ஆனால் என்னவென்று சொல்வது? ‘கால் வீங்கியிருந்தது, நான் உன்னிடம் சொன்னேனா?’ என்று கேட்டால், சொல்லியிருந்தால் பழி அவன் தலையில் இன்னும் அழுத்தமாக உட்காரும். சொல்லவில்லை என்றால் அவள் தலையில். ஒரு கேள்வி கேட்டு இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் குழாயை மூடினாள். அதற்கு மேல் அவளால் அந்த நேரத்தில் எதுவும் செய்ய முடியவில்லை.

அப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டில் நேற்றுத் தூக்கிப் போனபடியே கலைந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் இடது கால் செருப்பு. மேஜைமேல் பலகை. பட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அவளுடைய கையெழுத்துத்தான். ஆனால் நேராக இருந்தது.

கோணலாக இருந்தால் அவள் தன் பங்கைச் செய்திருக்கிறாள் என்று அர்த்தம். பட்டையே இல்லாவிட்டால் செய்யவில்லை என்று அர்த்தம். இப்படி ஒழுங்காக, மற்றப் பட்டைகளோடு பட்டையாக நேராக உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? அவளே அவசரத்தில் நேராகச் செருகினாளா? கோணலாக வைத்ததைத் தம்பி கை தட்டி நேராக்கினானா? ஸ்ட்ரெச்சர் இடித்ததா? அப்பாவே எட்டி, பார்க்க நன்றாக இல்லை என்று தள்ளிவிட்டாரா? மனுஷன் சும்மா இருக்க மாட்டார், சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால்கூடத் தூக்கம் வராது அவருக்கு. நேற்றிலிருந்து மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது போதாதென்று இதுவும் சேர்ந்துகொண்டது.

பட்டையை உருவி உள்ளங்கையில் மடக்கிக்கொண்டாள். எதற்கு உருவினாள் என்று அவளைக் கேட்டிருந்தால் பத்திரப்படுத்தத்தான் என்றிருப்பாள். யாரும் கேட்கவில்லை. குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்தது. இரண்டு தடவை அதைப் பார்த்தாள்.

கூடத்துக்கு வந்தபோது மஃப்ளர் மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் கழித்துப் பார்க்கிறாள், ஆனாலும் உடனே தெரிந்தது. அவர் அப்பாவோடு வேலை பார்த்த ராடார் அறையில் எந்நேரமும் குளிர். அதனால் கழுத்தில் எப்போதும் மஃப்ளர் சுற்றியிருப்பார். வெளியே வந்தாலும் கழற்ற மறந்துவிடுவார். பிள்ளைகள் வைத்த பெயர் அது. இப்போது மஃப்ளர் இல்லை, முடியும் இல்லை.

அவள் அவரை வெறுத்து வளர்ந்தவள். வீட்டில் நடந்தது இவ்வளவுதான். ஒரு நாள் அப்பா தன் இருக்கையை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தார். எழுந்த மூன்றாவது நிமிடம் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் முக்கால் மைல் தூரத்துக்கு நெருங்கிவிட்டன. விமானத்துக்குள் இருந்த எச்சரிக்கைக் கருவி கத்தி, ஒன்று மேலே பாய்ந்து, இன்னொன்று கீழே பாய்ந்து தப்பித்தன. தள்ளுவண்டி கவிழ்ந்து ஒரு பணிப்பெண்ணுக்கு மணிக்கட்டு உடைந்தது, வேறு சேதம் இல்லை. விசாரணையில் தப்பு அப்பாவுடையது என்று முடிவானது. அவரைக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேஜையில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை எட்டு வருடம் அங்கேதான். மாமா அதே நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு அந்த அறைக்கே தலைவரானார். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

மாமா பெட்டியருகே வெகுநேரம் நின்றார். பிறகு அவளைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றார். பால்கனிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அவளுக்குத் தானே எதிர்பார்க்காத ஒரு கேள்வி வாயில் வந்துவிட்டது.

"மாமா, அன்னிக்கு அப்பா உங்ககிட்ட சொன்னாரா சொல்லலையா?"

எதைக் கேட்கிறாள் என்று அவர் விளக்கம் கேட்கவில்லை. பத்தொன்பது வருடமாக அவரிடம் இருந்தது அந்த ஒரு கேள்விதான் போல.

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா?"

"ஒரு சரக்கு விமானம் ஏழாயிரம் அடியில வட்டமடிச்சிட்டிருந்துச்சு. திரையில ரெண்டு விமானத்து எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து படிக்க முடியல. நான் இன்னொண்ணை ஏழாயிரத்துக்கு எறக்கிட்டேன். உங்கப்பா அந்தச் சரக்கு விமானத்தைப் பத்தி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எழுந்தாரா, இல்லையா? அந்த நேரத்துல நான் ஹெட்செட் ஒயர்ல சிக்கு எடுத்திட்டிருந்தேன். அவர் வாய் அசைஞ்சது ஞாபகம் இருக்கு. என்ன சொன்னார்னு இல்ல. விமானிங்ககிட்ட பேசறதெல்லாம் டேப்ல பதிவாகும். நாற்காலிக்கு நாற்காலி பேசறது அன்னிக்குப் பதிவாகாது."

"விசாரணையில அப்பா என்ன சொன்னாரு?"

"‘நான் சொல்லலை’ன்னாரு. ஒரே வார்த்தை. எனக்கே அதிர்ச்சி. வெளியில வந்ததும் கேட்டேன், சொல்லலைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமான்னு. தெரியாதுன்னாரு. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு சண்டை போட்டேன்." மாமா டம்ளரைப் பார்த்தார். "‘சொன்னேனா இல்லையான்னு தெரியல. அஞ்சு நிமிஷம் நிக்கலை, அது நிச்சயமாத் தெரியும். நின்னிருந்தா நீ எறக்கறப்பவே பார்த்திருப்பேன்’னாரு. அவ்வளவுதான். அப்புறம் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரல. இத்தனை வருஷம் ஓடிப் போச்சு."

"ஏன் நிக்கலையாம்?"

மாமாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"பாத்ரூம் போகணும்னு. ரெண்டரை மணி நேரமா அடக்கிட்டு உட்கார்ந்திருந்தாரும்மா."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடத்தில் இருந்து யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் பட்டையின் முனை உதட்டில் குத்தியது. அப்போதுதான் அழுகையும் வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை. மாமா என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று மைல் தள்ளி நிற்பவர் மாதிரி பால்கனியின் அந்தக் கோடிக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை நினைக்கவும் கோபமாக இருந்தது.

பத்து மணிக்கு அத்தை களைத்துப் போய் உள்ளே படுக்கப் போனாள். பெட்டிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள். குளிர்பெட்டியின் இரைச்சல் நடுநடுவே விட்டுவிட்டுக் கேட்டது. சமையலறை வாசலில் தம்பி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இங்க வாடா."

வந்தான். அவள் கையை விரித்தாள். பட்டை வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. அவன் வாங்கி, விரித்துப் படித்தான். மறுபடி படித்தான்.

"இது உன் எழுத்து."

"ஆமா. நேத்துக் காலைல எழுதினது. கால் வீங்கியிருந்துச்சுடா. செருப்பு போகல. டாக்டருக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன், கிடைக்கல."

"எங்கிட்ட சொன்னியா?"

"தெரியல."

"தெரியலன்னா என்ன அர்த்தம்?"

"நெஜமாவே தெரியலடா. சொன்ன மாதிரியும் இருக்கு, சொல்லாத மாதிரியும் இருக்கு. நேத்திலேர்ந்து யோசிச்சு யோசிச்சு எது நடந்தது, எது நானா நெனச்சுக்கிட்டதுன்னே பிரிக்க முடியல. பட்டை நேரா இருந்துச்சு, யார் நேராக்கினதுன்னும் தெரியல. ஆனா நான் நிக்கல. பஸ்ஸுக்கு ஓடிட்டேன். அப்பா கேட்டாரு, நின்னேன்னு பொய் சொன்னேன். அது மட்டும் நிச்சயம்."

தம்பியின் முகம் சிவந்தது. குரலை அடக்கிக்கொண்டுதான் பேசினான், அதுவே கத்தியதைவிட மோசமாக இருந்தது.

"டாக்டர் கேட்டப்ப நீ அங்கதான நின்னுட்டிருந்தே?"

"ஆமா."

"நான் இல்லைன்னு சொன்னேன். நீ கேட்டுட்டு நின்னே. நேத்து சாயங்காலத்திலேர்ந்து நான்தான் கொன்னுட்டேன்னு செத்துட்டிருக்கேன். அத்தை வர்றவன் போறவன்கிட்டெல்லாம் சொல்லுது. நீ இதைக் கையில மடிச்சு வெச்சுக்கிட்டுச் சுத்திட்டிருந்தியாக்கா?"

பயமாக இருந்தது என்று சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் அது பதில் ஆகாது.

அவன் பட்டையோடு அப்பாவின் அறைக்குள் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வாசலில் யாரோ வந்து, பெட்டியை வணங்கி, அவளுடைய கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். யார் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இனி அவன் தன்னோடு பேச மாட்டான் என்று நினைத்துக்கொண்டாள். இருப்பது ஒரு தம்பி.

கதவு திறந்தது. அவன் முகம் கழுவியிருந்தான். கையில் பலகை இருந்தது. அதைக் கொண்டுவந்து பெட்டியின் கால்மாட்டில், சுவரில் சாய்த்து வைத்தான். அந்த ஒரு பட்டை வெளியே நீட்டிக்கொண்டு கோணலாக நின்றது.

"எழுந்திரு. நான் உட்கார்றேன்," என்றான்.

அவள் எழுந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தான். போனை எடுத்து, அணைத்து, சட்டைப் பைக்குள் போட்டான்.

"சொல்லு."

"என்னத்தைடா சொல்ல?"

"எப்பவும் சொல்றதுதான். சொல்லு."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி பதினொண்ணுக்கு."

"வண்டி பதினொண்ணுக்கு."

"அத்தை உள்ள படுத்திருக்கு. பத்தரைக்கு எழுப்பணும்."

"பத்தரைக்கு அத்தையை எழுப்பணும்."

"பெட்டி ப்ளக் லூசா இருக்கு. அப்பப்ப நின்னு நின்னு ஓடுது."

"ப்ளக் லூசு. பார்த்துக்கறேன்."

அதோடு நிறுத்திவிடலாம்போல இருந்தது. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய பின்கழுத்தில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே போர்வை அப்பாவின் கால்கள்மேல் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் மேடாக இருந்தது.

"அப்பாவுக்கு இடது கால் வீங்கியிருக்கு," என்றாள்.

அவன் தோள் ஒரு தடவை குலுங்கியது.

"அப்பாவுக்கு," என்று ஆரம்பித்து நிறுத்தினான். மறுபடி சொன்னான். "அப்பாவுக்கு இடது கால் வீங்கியிருக்கு."

அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. அவள் அப்பாவின் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். மணி முள் வேறு ஏதோ நேரத்தில் இருந்தது. நிமிட முள் இந்த வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே, அரை மணி தள்ளி இருந்தது. முக்கால் மணியைத் தாண்டி இரண்டு கோடு.

வாசலில் மஃப்ளர் மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர், இவர்களைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

"இருக்கியாக்கா?" என்றான் தம்பி, திரும்பாமல்.

"இருக்கேன்."

மூன்று கோடு ஆனது. நாலு ஆனது. பெட்டி ஒரு தடவை நின்று மறுபடி ஓட ஆரம்பித்தது. அவன் குனிந்து ப்ளக்கை அழுத்திவிட்டு நிமிர்ந்தான். அவள் நாற்காலியின் பின்னாலேயே நின்றாள்.